குடத்தில் இட்ட நாவல்கள்

(நூலக வார விழாவில் வாசகர் வட்டத்தார் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அடுத்துப் படிக்க வேண்டிய செவ்வியல் நாவலைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லவே இங்கே வந்திருக்கிறேன். இதை விளையாட்டுப் பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாசிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த பயனுள்ள யோசனை இது ஒன்றுதான். இதற்குள் நம் ஊர்க்காரர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்ட ஒரு நுட்பமும் இருக்கிறது.

முதலில் நம் வழக்கத்தைப் பார்ப்போம். புத்தகக் காட்சிக்குப் போகிறோம், பை நிறைய வாங்குகிறோம். வீட்டுக்கு வந்ததும் எதைக் கையில் எடுக்கிறோம்? ஏற்கெனவே பிடித்துப்போன எழுத்தாளரின் இன்னொரு புத்தகத்தை. தி. ஜானகிராமனில் தோய்ந்தவர் மறுபடியும் காவிரிக் கரைக்கே போகிறார். கல்கியில் வளர்ந்தவர் இன்னொரு சரித்திரக் கதையைத் தேடுகிறார். ‘போரும் வாழ்வும்’ அலமாரியின் மேல்தட்டிலேயே இருக்கிறது. டி.எஸ். சொக்கலிங்கம் அவ்வளவு பாடுபட்டுத் தமிழாக்கித் தந்திருக்கிறார், நாமோ ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். ‘கமலாம்பாள் சரித்திர’த்தின் பெயர் தெரியும், ஆசிரியர் பெயரும் தெரியும். படித்ததில்லை.

இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். நம் ரசனை நாம் படித்தவற்றால் ஆனது. அதனிடம் போய் அடுத்தது எது என்று கேட்டால், முன்பு படித்ததைப் போன்ற ஒன்றைத்தான் எடுத்துக் கொடுக்கும். கைபேசியும் அதையே இன்னும் வேகமாகச் செய்கிறது. நேற்று விரும்பியதை வைத்து இன்று விரும்பப் போவதைக் கணக்குப் போட்டு முன்னால் நீட்டுகிறது. ஒரு நல்ல நாவலோ நாம் விரும்பத் தெரியாத ஒன்றைக் கொண்டுவருவது. அதற்கு நம் ரசனையிடம் சிபாரிசு கிடைக்காது. வேறு ஒரு வாசல் வேண்டும்.

தற்செயலிடம் ஒரு முடிவை ஒப்படைப்பது நமக்குப் புதிதல்ல. மனம் இரண்டுபட்டு நிற்கும்போது கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சந்நிதியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்கிறோம். சைவர்களிடம் திருமுறையில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஏட்டுக் கட்டில் கயிறு நுழையும் இடத்தில் எந்தப் பாடல் வருகிறதோ, அதுவே அன்றைக்குக் கிடைத்த வாக்கு. ஈரானில் யல்தா என்ற நீண்ட குளிர்கால இரவில் குடும்பமாக உட்கார்ந்து ஹாபிஸின் கவிதைத் தொகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு திறப்பார்கள். புனித அகஸ்டின் 386ஆம் ஆண்டு மிலான் நகரில் ஒரு தோட்டத்தில், எடுத்துப் படி என்று அடுத்த வீட்டிலிருந்து வந்த ஒரு குழந்தைக் குரலைக் கேட்டுப் பவுலின் நிருபங்களைக் கண் போன இடத்தில் திறந்தார். அவர் வாழ்க்கையே திரும்பியது.

நாவலுக்கும் இந்த வழக்கத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர், சட்டமும் சாட்சியமும் அறிந்தவர். அவருடைய நாவலில் ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஓர் ஊருக்குப் போகிறாள். அங்கே அரசன் வாரிசில்லாமல் இறந்திருக்கிறான். பட்டத்து யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். யானை ஞானாம்பாள் கழுத்தில் போட்டுவிடுகிறது. மதுரையில் மூர்த்தி நாயனாரை யானை தேர்ந்த கதையைப் பெரிய புராணத்தில் கேட்டு வளர்ந்த மக்களுக்கு இது புதுமையல்ல. புதுமை அடுத்து வருவதில் இருக்கிறது. யானை தேர்ந்தெடுத்தது ஒரு பெண்ணை. அவள் ஆண்ட விதத்தைச் சொல்லத்தான் பிள்ளையவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார். ஆண்கள் கூடி ஓர் ஆட்சியாளரைத் தேர்ந்திருந்தால் ஞானாம்பாள் பெயர் யார் வாயிலும் வந்திருக்காது. மனிதரின் முன்முடிவுகள் யானைக்கு இல்லை.

இனி நான் சொல்ல வந்த நுட்பத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது உத்தரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு, 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டியவை. குடவோலை முறை என்று பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள் என்ற அளவில் நம் நினைவு நின்றுவிடுகிறது. கல்வெட்டோ அதைவிட மிகுந்த கவனத்துடன் பேசுகிறது.

முதலில் தகுதிகளைச் சொல்கிறது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதக் கல்வி வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்தவர் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. இப்படிச் சலித்துச் சலித்து எடுத்த பெயர்களைத்தான் ஓலையில் எழுதுகிறார்கள். ஊரின் பகுதிகளான 30 குடும்புகளுக்கும் தனித்தனிக் கட்டு. ஊரவையான மகாசபை இளையவர் முதியவர் எல்லோருமாகக் கூடுகிறது. கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் எழுந்து நின்று குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு ஒரு கட்டை எடுக்கச் செய்து, வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அவனே ஓர் ஓலையை எடுக்கிறான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதை வாசிக்க வேண்டும்.

எவ்வளவு தெளிவான சிந்தனை! தகுதியை மனிதர் ஆராய்ந்து முடிவு செய்கிறார்கள். தகுதியுள்ளவர்களுக்குள் யார் என்ற கேள்வி வரும்போது மட்டும் கையை எடுத்துக்கொள்கிறார்கள். ஏனென்றால் அந்த இடத்தில்தான் சொந்தமும் செல்வாக்கும் சாய்வும் நுழையும். நாவல் வாசிப்புக்கும் நான் பரிந்துரைப்பது இந்த ஏற்பாட்டைத்தான். எதைப் படிக்கத் தகும் என்பதை நாமே தீர முடிவு செய்வோம். எது முதலில் என்பதைச் சீட்டிடம் விடுவோம்.

கல்வெட்டின் விதிகளைக்கூட நான் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வெளிவந்து 35 ஆண்டு ஆகாத நாவலைக் குடத்தில் போட வேண்டாம். ஒரு தலைமுறை கடந்தும் பேசப்படுகிற புத்தகத்துக்குத்தான் இந்த முறை. புதிய நாவல்களைப் படிக்க நமக்குத் தூண்டுதல் தேவையில்லை, நண்பர்களும் பத்திரிகைகளும் அதைச் செய்துவிடுகிறார்கள். மேல்வயது வரம்பு மட்டும் வேண்டாம். அடுத்தது, கடந்த 3 ஆண்டுகளில் படித்த எழுத்தாளரின் பெயர் இந்த முறை குடத்துக்குள் போகக் கூடாது. இந்த ஒரு விதி போதும், நம் ரசனை சுற்றிச் சுற்றி வரும் செக்குப் பாதையை உடைக்க.

மிக முக்கியமானது குடும்பு விதி. ஊரின் எல்லாப் பகுதிக்கும் ஓலை உண்டு என்றார்கள். நம் நாவல் உலகத்துக்கும் பகுதிகள் உண்டு. தஞ்சைக்குச் சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ அல்லது க.நா.சு.வின் ‘பொய்த்தேவு’. கொங்குக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. கரிசலுக்குக் கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’, பூமணியின் ‘பிறகு’. குமரிக்கு நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’, தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. நீலகிரிக்கு ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’. சினிமாச் சென்னைக்கு அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’. ஈழத்துக்குக் கே. டானியலின் ‘பஞ்சமர்’, இன்னும் பின்னால் போனால் சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’, 1885. கடல் கடந்த தமிழருக்குப் ப. சிங்காரம். பிற மொழிகளிலிருந்து தகழியின் ‘செம்மீன்’ சுந்தர ராமசாமியின் தமிழில், தாராசங்கரின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ த.நா. குமாரசாமியின் தமிழில். இருபது சீட்டுக்குள் இத்தனை நிலமும் அடங்கும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உத்தரமேரூர் ஒரு பிரமதேயம், அந்தணர்களுக்குக் கொடையாக அளித்த ஊர். அந்தக் குடத்துக்குள் பெண் ஒருத்தியின் பெயரும் போகவில்லை. நிலமற்றவர் பெயரும், உழுதவர் பெயரும் போகவில்லை. குலுக்கலில் ஒரு பிசகும் கிடையாது, அது நேர்மையாகத்தான் நடந்தது. அநீதி முழுவதும் பட்டியலில் இருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆகவே சீட்டை நம்பச் சொல்கிற நான் பட்டியலைச் சந்தேகிக்கவும் சொல்கிறேன். உங்கள் மனத்தில் உடனே தோன்றும் இருபது பெயர்களை எழுதிப் பாருங்கள். அதில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கிருத்திகாவின் ‘வாசவேச்வரம்’ 1966இல் வந்தது. எத்தனை பட்டியல்களில் அது இருக்கிறது? வை.மு. கோதைநாயகி நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி, ‘ஜகன்மோகினி’ இதழையும் நடத்தினார். அவருடைய ஒரு நாவலின் பெயரையாவது நாம் தேடி எழுதியாக வேண்டும். சீட்டு எழுதும் வேலையே பாதி இலக்கியக் கல்வி. அதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டாலும் தகும்.

இந்த முறையில் எனக்கு வந்து சேர்ந்த நாவல்களில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964இல் வெளிவந்தது. அவர் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். நாவலோ ஆங்கிலத்தின் வாசனையே படாமல் குமரி மண்ணின் பேச்சில் நடக்கிறது. பனைவிளை என்ற ஊர். பழைய பெருமை கரைந்துகொண்டிருக்கும் ஒரு வீடு. கண்ணப்பச்சி என்ற பாட்டனார். லிஸி என்ற பேத்தி. வயதுக்கு வந்ததும் அவளுடைய உலகம் வீட்டுச் சுவர்களுக்குள் சுருங்கிவிடுகிறது. பனையேறும் குடும்பத்துப் பையன் தங்கராஜுக்கும் அவளுக்கும் இடையில் வளரும் அன்பு. ஒரே கோயிலில் தொழுகிறவர்கள், ஒரே ஊர்க்காரர்கள். ஆனால் பனை உடையவருக்கும் பனை ஏறுகிறவருக்கும் நடுவில் இருக்கும் தூரம் நாவல் முழுவதும் நம்மை அழுத்துகிறது. ஆசிரியர் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. லிஸி காத்திருப்பதை அவர் எழுதும் விதத்தில், காத்திருப்பது எவ்வளவு உறுதியான செயல் என்று புரிகிறது. மெல்லிய புத்தகம்தான். தொடக்கத்தில் வட்டார வழக்கு கொஞ்சம் தடுக்கும், பிறகு காது பழகிவிடும். அதற்குப் பின் அந்த மக்கள் நம்மிடம் நேராகவே பேசுகிறார்கள்.

நானாகத் தேர்ந்திருந்தால் இதை எப்போது எடுத்திருப்பேன் என்று சொல்ல முடியாது. பெயர் தெரிந்த புத்தகம். பெயர் தெரிந்த புத்தகங்களுக்கு நேரும் கதியே அதுதான், தெரியும் என்ற நினைப்பே படித்துவிட்ட திருப்தியைக் கொடுத்துவிடும்.

சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’க்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர், இளம் வயதில் இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனவர், போர்க்காலத்தை அங்கே கண்டவர். திரும்பி வந்து மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்தார். எழுதியவை இரண்டே நாவல்கள். இந்த நாவல் பதிப்பகத்தாருக்காகக் காத்திருந்து 1972இல்தான் அச்சேறியது. அச்சேறிய பிறகும் வாசகர்களுக்காக வெகுகாலம் காத்திருந்தது. மேடான், பினாங்கு, ஜப்பானியர் ஆட்சி, நேதாஜியின் படை, வட்டிக்கடைகள், இடையில் திடீரென்று நினைவில் எழும் மதுரைத் தெருக்கள் என்று அத்தனையும் ஒரே மூச்சில் ஓடும் நாவல். தொங்கான் என்ற மரக்கலத்தில் கடலைக் கடக்கும் புயல் அத்தியாயத்துக்கு ஈடாகத் தமிழில் வேறொன்று எழுதப்படவில்லை என்பது என் துணிபு. மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் கலந்து வருவதால் நல்ல வாசகர்களே முதல் அத்தியாயங்களில் மூடி வைத்துவிடுகிறார்கள். சீட்டில் வந்தது, முடித்தே தீர வேண்டும் என்ற உறுதி இருந்தால் அந்த மேட்டை ஏறிவிடலாம். ஏறியவர் யாரும் வருந்தியதை நான் கண்டதில்லை.

சீட்டு இன்னொரு காரியமும் செய்யும். இரண்டு நாவல்களை எந்தத் திறனாய்வாளரும் வைக்காத வரிசையில் அடுத்தடுத்து வைத்துவிடும். ‘சாயாவன’த்தில் ஒருவன் ஊர் திரும்பிக் கரும்பாலை வைக்க ஒரு பெருங்காட்டை அழிக்கிறான். காடு எரிவதைக் கந்தசாமி ஒரு கருத்தும் சொல்லாமல் எழுதிக்கொண்டே போகிறார். அதை முடித்த கையோடு ‘குறிஞ்சித்தேன்’ வந்தால் என்ன ஆகும்? படகர்களின் மலை, 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியை வைத்துக் காலத்தை எண்ணும் மக்கள், தலைமுறைக்குத் தலைமுறை மாறிவரும் மண். ஒன்று அழிப்பவன் பக்கத்திலிருந்து எழுதியது, மற்றது இழப்பவர் பக்கத்திலிருந்து எழுதியது. இரண்டும் 1960களின் நாவல்கள். தனித்தனியே பல ஆண்டு இடைவெளியில் படித்தவருக்கு இந்த உரையாடல் கேட்காது.

படிக்கும் மனநிலை என்று ஒன்று இல்லையா என்று கேட்பீர்கள். துக்கத்தில் இருப்பவருக்கு ‘ஆரோக்கிய நிகேதனம்’ வந்தால்? நாடி பிடித்து மரணத்தின் வரவைச் சொல்லும் ஒரு முதிய வைத்தியரின் கதை அது. நியாயமான கேள்வி. துக்க வீட்டிலும் நோய்ப் படுக்கையிலும் சீட்டு எடுக்க வேண்டாம். அப்போது கை எதை நாடுகிறதோ அதுவே மருந்து. மற்ற நாட்களில் மனநிலை என்று நாம் சொல்வது பெரும்பாலும் பழக்கம்தான். நல்ல நாவல் தனக்கு வேண்டிய மனநிலையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதற்கு நாம் ஐம்பது பக்கம் பொறுமை தர வேண்டும்.

வந்த சீட்டை மாற்றக் கூடாது. இதில் நான் கறாராக இருக்கிறேன். பிடிக்காத பெயர் வந்ததும் மறுபடி குலுக்கினால் பழைய ரசனையே பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். அதனால்தான் உத்தரமேரூரில் ஓலையை நம்பிமார் அனைவரும் வாசித்தார்கள். நீங்களும் வீட்டில் தனியாக எடுக்காதீர்கள். வாசகர் வட்டத்தில் எடுங்கள், நாலு பேர் முன்னால் பெயரைப் படியுங்கள். பெரிய புத்தகமாக இருந்தால் இரண்டு மாதம் தவணை வைத்துக்கொள்ளலாம். சீட்டு எப்போதும் பெரிய புத்தகத்தையே நீட்டும் என்ற பயமும் வேண்டாம். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ வந்தால் ஒரே மாலையில் முடித்துவிடுவீர்கள்.

இத்தாலிய எழுத்தாளர் இட்டாலோ கால்வினோ, செவ்வியல் நூல்களை ஏன் படிக்க வேண்டும் என்று 1981இல் ஒரு கட்டுரை எழுதினார். நம் அலமாரியில் படித்தவற்றுக்கும் படிக்கப் போகிறவற்றுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு, எதிர்பாராமல் வருபவற்றுக்காகக் கொஞ்சம் வெற்றிடமும் விட வேண்டும் என்பது அவர் கருத்து. அதனால் குடத்தில் ஒரு வெற்றுச் சீட்டும் போடச் சொல்கிறேன். அது வந்தால் நூலகரிடம் போங்கள். வெகுகாலமாக யாரும் எடுக்காத ஒரு நல்ல நாவலை அவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

நூலகத்தில் நின்று பேசும்போது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை நினைக்காமல் இருக்க முடியாது. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. இரண்டாம் விதியை நாம் எல்லோரும் விரும்புகிறோம், அது நமக்காகப் பேசுகிறது. மூன்றாம் விதி புத்தகத்துக்காகப் பேசுகிறது. வாசகர்கள் தாமே அலமாரிகளுக்கு இடையில் நடந்து புத்தகங்களைத் தொட்டுப் பார்க்கும் திறந்த அடுக்கு முறைக்காக அவர் வாதாடியது இந்த மூன்றாம் விதிக்காகவே. தேடி வந்தவர் தேடாததையும் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். சீட்டுக் குலுக்குவதும் புத்தகத்தின் சார்பில் செய்யும் காரியம்தான்.

புத்தகம் கிடைக்கவில்லை என்ற காரணம் இப்போது பெருமளவு போய்விட்டது. ‘பிரதாப முதலியார் சரித்திர’மும் ‘கமலாம்பாள் சரித்திர’மும் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கலாம். ராஜம் கிருஷ்ணனின் எழுத்துகள் அவர் வாழ்ந்த காலத்திலேயே நாட்டுடைமையாயின. ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ மின்னூலகம் இருக்கிறது. மற்றவற்றை இங்கே கேட்டு வாங்குங்கள். இந்த நூலகத்தில் இல்லையென்றால் வேண்டும் என்று பதிவேட்டில் எழுதி வையுங்கள். கேட்பார் இல்லாத புத்தகத்தை எந்த நூலகமும் வாங்குவதில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் இருபது பெயர்களை எழுதத் தொடங்குங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சீட்டுகளைக் கொண்டு வாருங்கள். பட்டியலில் பெண்கள் எழுதிய நாவல் நான்கேனும் இல்லையென்றால், ஈழத்து நாவல் ஒன்றுகூட இல்லையென்றால், சீட்டைக் குலுக்குவதற்கு முன் அவற்றைச் சேர்த்துவிடுங்கள்.